வானம் தெரியாத ஜன்னல்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் ஆர்க்கிடெக்ட்களுக்கான பயிற்சி வகுப்பு நடந்தது. குறைந்த செலவில், ஏ.சி. இல்லாமலே சூடு தணிந்திருக்கும் சின்ன வீடுகளை எப்படி வடிவமைப்பது என்பதுதான் பாடம். படித்து முடித்துத் தொழிலுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இந்த மாதிரி வகுப்புகள் உண்டு. கட்டுமானப் பொருள்கள் மாறுகின்றன, வெயில் கூடிக்கொண்டே போகிறது, நாங்களும் விடாமல் படிக்க வேண்டியிருக்கிறது. நான் முதல் நாளே முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடும் விவசாயிகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பெருமைதான். ஆர்க்கிடெக்ட் என்றால் என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால், "கட்டறதுக்கு முன்னாடியே வூட்டக் காயிதத்துல கட்டிப் பாக்கற வேலை" என்று அம்மா சொல்வார். "அதுக்கு எதுக்கு அஞ்சு வருசம் படிக்கணும்? மேஸ்திரியே கட்டிடுவாரே" என்பார்கள் அவர்கள். பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் என் பெயர்ப்பலகையை மாட்டிய பிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர், "சார் இல்லீங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

வகுப்பில் கடைசியாக ஒரு செய்முறைப் பயிற்சி இருந்தது. ஊரின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்ட அனுமதி கிடைத்திருந்தது. நாங்கள் குழுக்களாகப் பிரிந்து அந்த வீட்டுக்கு வரைபடம் போட வேண்டும். எந்த வரைபடம் தேர்வாகிறதோ அதையே நிஜமாகக் கட்டுவார்கள். இதுவரை என் வரைபடம் எதுவும் புதிய வீடாக எழுந்ததில்லை. மாடியில் ஒரு அறை, கடைக்கு ஒரு ஷட்டர் என்று சில்லறை வேலைகள்தான் வந்துகொண்டிருந்தன. இது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரையும் வேனில் ஏற்றி இடத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள்.

தகரத்தால் அடைத்த ஒற்றை அறை. வாசல் கிழக்கே. உள்ளே நுழைந்ததும் தோசைக்கல் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. மேற்குத் தகரத்துக்குத் தலைவைத்து ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்த விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் சொன்னபடி கேட்பதில்லை. வலது கையை மட்டும் கொஞ்சம் தூக்க முடியும். அவர் மனைவி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். காலையில் கணவருக்கு எல்லாம் செய்துவிட்டுப் போனால், மத்தியானம் ஒருமுறை ஓடி வந்து சோறு ஊட்டி, துண்டை நனைத்து மேலே போட்டுவிட்டு மறுபடி ஓட வேண்டும். சாயங்காலம்தான் திரும்புவார். அதுவரை அந்த மனிதர் அந்தத் தகரத்துக்குள் தனியாக வேக வேண்டும். முதுகில் புண்கள். வேர்வை பட்டுப் பட்டு ஆறுவதில்லை.

"வீடு எப்படி வேணும்னு நினைக்கறீங்க?" என்று பயிற்சியாளர் அவரிடம் கேட்டார்.

"கொஞ்சம் குளுகுளுன்னு இருந்தா போதுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"ஜன்னல் கேளுங்க" என்றார் மனைவி.

"ஜன்னலா? இருக்கற வெயில் பத்தலியாமே உனக்கு?"

"மலை தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வேணும்ங்க" என்று அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார். "ராவும் பகலும் இவரு ஆட்டோல ஊர் ஜனத்தையெல்லாம் ஏத்திக்கினு மலையைச் சுத்திக் காட்டினவரு. அடிபட்டு இங்க வந்து படுத்ததுலருந்து மலை அவரு தலைக்குப் பின்னாடியேதான் நிக்குது. ஒரு நாள்கூடப் பாக்கல. லாட்ஜ்ல மலை தெரியற ரூமுக்கு வாடகை ஜாஸ்திங்க. அந்த ஜன்னலையெல்லாம் தெனமும் நான்தான் தொடைக்கறேன். எங்கியோ இருந்து வர்றவங்களுக்குத் தெரியுது. இவருக்குத் தெரியக் கூடாதா?"

கணவர் சிரித்துச் சமாளித்தார். "அத்த வுடுங்க சார். அவ அப்படித்தான் பேசுவா."

ஆனால் அந்த அம்மா விடவில்லை. கார்த்திகை தீபத்தன்று தெருவே வெளியில் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் எல்லோரும் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். இவர் மட்டும் உள்ளே படுத்தபடி, "அரோகரா" என்ற சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வாராம். "போன வருசம் சத்தம் கேட்டதும் இந்தத் தகரத்தப் பாத்துக் கும்புட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

எங்கள் கிராமத்திலிருந்து மலை கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும். தீபம் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்காக நாங்கள் ஏரிக்கரை மேலே ஏறி நிற்போம். அது தெரியாமல் அம்மா ஒரு வருடமும் விளக்கேற்றியதில்லை. மலையின் காலடியிலேயே படுத்திருக்கும் ஒருவருக்கு அது இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் குழுவில் என்னோடு வேலூரிலிருந்து வந்த ஒரு சீனியர் இருந்தார். நிறைய வீடுகள் கட்டியவர், வாய் நிறையக் கிண்டல். நான் மேற்குச் சுவரில், கட்டில் உயரத்துக்குத் தாழ்வாக ஒரு ஜன்னல் வரைந்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டு, அவர் முகம் மலையைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குடுத்த விதிமுறைலயே மேற்குச் சுவர்ல திறப்பு கூடாதுன்னு போட்டிருக்கு. மலை தெரியணும்னா லாட்ஜ் கட்டிடலாம். வாடகையாவது ஜாஸ்தி வரும்" என்றார். பக்கத்துக் குழுக்களிலும் சிரித்தார்கள். அந்த அம்மா சொன்ன அதே லாட்ஜ். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஜன்னலை அழிக்கவில்லை.

பயிற்சியாளர் சென்னைக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கறாரானவர், ஆனால் நியாயமானவர். எங்கள் வரைபடத்தை வாங்கி, வெயில் கணக்குப் போடும் மென்பொருளில் ஏற்றி, திரையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓட்டினார். மத்தியானம் தாண்டியதும் மேற்கு ஜன்னலிலிருந்து ஒரு சிவப்புப் பட்டை உள்ளே நீண்டது. நேரம் ஆக ஆக அது நீண்டு நீண்டு சரியாகக் கட்டில் மேல் வந்து உட்கார்ந்தது.

"பாருங்க மேடம். புண்ணோட படுத்திருக்கற மனுஷன் மேல கொண்டுபோய் சாயங்கால வெயிலை விடறீங்க. அவரால நகரக்கூட முடியாது. இது வீடு இல்ல, தண்டனை."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

"சார், அவர் வாழ்நாள் முழுக்க ஒரு சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கறதும் தண்டனைதானே?"

அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "கடைசி நாள் வரைக்கும் டைம் தர்றேன். மாத்தி எடுத்துக்கிட்டு வாங்க. ஆனா எனக்கு உருக்கமான பேச்சு வேணாம். கட்டில் மேல வெயில் விழாதுன்னு காட்டுங்க. அதைக் காட்டலைன்னா ஜன்னல் கிடையாது."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஜன்னலுக்கு மேலே நீளமான சன்ஷேட் போட்டுப் பார்த்தேன். வெயில் உயரத்தில் இருக்கும்வரை அது தடுத்தது. சூரியன் தாழ இறங்கியதும் சிவப்புப் பட்டை சன்ஷேடுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தது. ஓட்டை ஓட்டையான ஜாலிக் கல் வைத்தேன், வெயில் கம்மியானது, கூடவே மலையும் துண்டு துண்டாகிப் போனது. "கதவு போட்டுச் சாத்திக்கச் சொல்லேம்மா" என்றார் சீனியர். யார் சாத்துவது? அந்த அம்மா வேலையிலிருந்து வரும்வரை அந்த வீட்டில் எழுந்து நடக்க ஆளில்லை. எது செய்தாலும் கடைசியில் அந்தச் சாயங்கால வெயிலில் வந்து நின்றது. மற்ற குழுக்கள் மேற்குச் சுவரை மூடிவிட்டு அழகான வரைபடங்களை முடித்துவிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் தோன்றியது. கம்ப்யூட்டர் சொல்கிற சாயங்காலச் சூடு நிஜமாகவே அவ்வளவு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தால் என்ன? வகுப்பில் சூடு அளக்கும் கருவி ஒன்று இருந்தது. கொரோனா சமயத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்களே, அதே துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டியில் அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் நின்று மேற்குத் தகரத்தில் கருவியைப் பிடித்தேன். கொதித்தது. வெயில் என் கண்ணிலேயே அடித்தது. சூரியன் இறங்க இறங்க எண் கூடுமென்று எதிர்பார்த்து, குறிப்பேட்டோடு காத்துக்கொண்டிருந்தேன். மறுபடி பிடித்தபோது எண் குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் குறைந்தது. கருவியைத் தட்டிப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். குறைந்துகொண்டேதான் போனது.

"இரவல் வாங்கின மெஷின். கெட்டுப்போச்சு போலங்க" என்றேன் கவலையோடு.

அந்த அம்மா ஈரத்துணியைப் பிழிந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்டுப்போவலங்க மேடம். மலை மறைச்சுக்கிச்சு. அதான்."

நிமிர்ந்து பார்த்தேன். நான் கருவியையே பார்த்துக்கொண்டிருந்ததில் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வீடு, கிணற்றடி, நான் எல்லோரும் நிழலில் நின்றோம். ஆனால் கிழக்கே தூரத்தில் தென்னந்தோப்பு இன்னும் பளபளவென்று வெயிலில் இருந்தது. ஊருக்கு இன்னும் சூரியன் மறையவில்லை, இந்த வீட்டுக்கு மட்டும் மறைந்துவிட்டது.

அங்கேயே ஒரு கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மென்பொருளில் ஊரைக் குறித்தோம், மாதத்தைக் குறித்தோம், திசையைக் குறித்தோம். மலையைப் போட யாருக்குமே தோன்றவில்லை. அது எங்களைத் தட்டையான பொட்டல் நிலத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. வகுப்பு நடக்கிற ஹாலின் ஜன்னலிலேயே மலை நிற்கிறது. டீ இடைவேளையில் அதன் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். வெளியூர்க்காரர்களை விடுங்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்க்கிறவள். ஆனால் எங்கள் கிராமம் வரைக்கும் அதன் நிழல் வந்ததில்லை. மலை என்றால் கும்பிடுவதற்கு என்று மட்டும் என் மனதில் பதிந்திருந்தது. வெயிலை மறைக்கிற ஒரு பெரிய சுவராகவும் அது நிற்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

தாழ்ந்த வெயிலை மலை பார்த்துக்கொள்ளும். மிச்சம், மத்தியானத்திலிருந்து மலைக்குப் பின்னால் போகும்வரை அடிக்கிற உயரமான வெயில். அதை மட்டும் நான் தடுத்தால் போதும்.

மறுநாள் மத்தியான வகுப்பில் சொல்லிவிட்டு, வெயில் கொளுத்தும்போதே மறுபடி போனேன். அந்த அம்மா சோறு ஊட்ட வந்திருந்தார். அவரிடம் ஒரு கயிற்றுக் கட்டில் கேட்டு, வீட்டுக்குப் பின்னால் போட்டு, மலையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன். புது வீட்டில் அவர் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் என் தலை. மலைக்கு மேலே நின்ற சூரியன் கண்ணைப் பிடுங்கியது. கண்ணே திறக்க முடியவில்லை. கையிலிருந்த வரைபட அட்டையை நெற்றிக்கு முன்னால் நீட்டிப் பிடித்தேன். சூரியன் மறைந்தது. அட்டைக்குக் கீழே மலை முழுசாகத் தெரிந்தது.

அட்டையை மெதுவாகக் கீழே இறக்கினேன். மேகம் போனது. நீலம் போனது. அட்டையின் விளிம்பு மலை உச்சியைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினேன். இப்போது எனக்கு வானமே தெரியவில்லை, மலை மட்டும்தான் தெரிந்தது. என் முகத்தில் துளி வெயில் இல்லை.

அவ்வளவுதானே! வானம் தெரிகிற இடத்தின் வழியாகத்தான் வெயில் வர முடியும். அவர் கேட்டது மலையை. ஜன்னலில் மலையை மட்டும் வைத்துவிட்டு வானத்தை மூடிவிட்டால் வெயில் எந்த வழியாக வரும்?

"ஏங்க, மேடம் இன்னா பண்றாங்கன்னு பாருங்க" என்று அந்த அம்மா உள்ளே பார்த்துச் சொன்னார். "உச்சி வெயில்ல கட்டில்ல படுத்துக்கினு அட்டையத் தூக்கித் தூக்கி எறக்கறாங்க."

"அந்தப் பொண்ணுக்கு மோர் குடுமே. வெயில் மண்டைக்கு ஏறிட்டிருக்கும்" என்று தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

மோரை வாங்கிக் குடித்தேன். பிறகு அந்த அம்மாவையே அட்டையைப் பிடிக்கச் சொல்லி, என் கண்ணுக்கும் அட்டை விளிம்புக்கும் இருந்த தூரத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்தேன். அன்று ஆபீஸுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மலையின் உருவத்தை மென்பொருளில் ஏற்றினேன். கோடையில் சூரியன் உச்சியை ஒட்டித்தான் இறங்கியது. மார்கழி, தை மாதங்களில் தெற்கே விலகி இறங்கியது. அதற்கு ஜன்னலின் தென்புறத்தில் ஒரு பக்கச் சுவரை நீட்டினேன். சிவப்புப் பட்டை கட்டிலைத் தொடவே இல்லை. எல்லா மாதத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தொடவே இல்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. வானத்தை மறைக்க, வீட்டின் பின்பக்கம் அகலமான கான்கிரீட் தாழ்வாரம் ஒன்று வேண்டும். திட்டத்தில் தருகிற தொகைக்குள் அதைக் கட்ட வேண்டுமென்றால் முன்பக்கத்து போர்டிகோவை விட்டாக வேண்டும். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. உள்ளே ஒற்றை அறை இருந்தாலும் வாசலில் இரண்டு தூண் வைத்த போர்டிகோ இருந்தால்தான் அது வீடு. அதில்தான் மரியாதை. அந்த அம்மா ஆசைப்பட்டு முதல் நாளே கேட்டிருந்தார். தயங்கித் தயங்கிப் போனில் சொன்னேன்.

"முன்னாடி மொட்டையா இருந்தா அக்கம்பக்கத்துல சிரிப்பாங்களே மேடம்" என்றார்.

சிரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

"சிரிச்சிட்டுப் போவட்டும்" என்று அவரே தொடர்ந்தார். "அவங்களா வந்து இவருக்குத் துண்டு நனைச்சுப் போடப்போறாங்க? பின்னாடியே போட்ருங்க."

கடைசி நாள் வந்தது. பயிற்சியாளர் என் வரைபடத்தைப் பார்த்ததும், "ஜன்னல் அங்கேயேதான் இருக்கு" என்றார்.

"இருக்கு சார். ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார். சித்திரை, வைகாசி, ஆனி. சிவப்புப் பட்டை தாழ்வாரத்தைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஆனதும் திரையில் ஒரு பெரிய கருப்பு நிழல் வந்து வீட்டையே மூடியது. "இது என்ன?" என்று கேட்டார். நான் ஹாலின் ஜன்னலைக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மலை அங்கே நின்றது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. கோணம் சரியா, நிழல் விழும் நேரத்தை நேரில் பார்த்து ஒப்பிட்டீர்களா, தாழ்வாரம் காற்றை அடைக்காதா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் அளந்து வைத்திருந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, வந்திருந்த மற்ற வரைபடங்களைக் காட்டி, "இதுங்கள்லயும் மலையைச் சேர்த்துக் கணக்கு மறுபடி போடணும். நானும் சேர்க்காம விட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தக் குணம் எல்லோருக்கும் வராது.

அப்போது பின்னாலிருந்து எங்கள் குழுச் சீனியர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரிம்மா. மலை மட்டும்தான் தெரியும், வானம் தெரியாதுன்னு சொல்றே. தீபம் எங்க எரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீபம் உச்சிக்கு மேலே எரியும். வானத்தில்! வெயிலைத் துரத்துகிற வெறியில் நான் தீபத்தையும் சேர்த்து மூடியிருந்தேன். எந்த நாளுக்காக அந்த அம்மா ஜன்னல் கேட்டாரோ, அந்த நாளையே.

சீனியர் எழுந்து வந்து என் பென்சிலை வாங்கினார். தாழ்வாரத்தின் விளிம்பைச் சற்றே மேலே தூக்கி ஒரு கோடு போட்டார். "ஒரு விரல் அளவுக்கு வானத்த வுடு. அந்த ஒரு விரல் வெயில் வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. லாட்ஜ் கட்டச் சொன்னவன்தான் சொல்றேன், கேளு." பயிற்சியாளர் உடனே ஓட்டிப் பார்த்தார். கோடையில் சூரியன் அந்த இடைவெளியைக் கடக்கிற கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு விழுந்து, உடனே மறைந்தது. "பரவாயில்ல. இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வரைபடம் தேர்வானது. ஆனி மாதம் கடைக்கால் தோண்டினார்கள்.

கட்டுவதும் சுலபமாக இல்லை. "ஜன்னல இவ்ளோ கீழ வெச்சா நாய் பூந்துடும்" என்று மேஸ்திரி பழக்கத்தில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றிக் கட்டிவிட்டார். நான் இடிக்கச் சொன்னேன். "இன்னாம்மா நீ, எத்தினி வீடு கட்டிருக்கேன் நான்" என்று சண்டைக்கு வந்தார். அதே கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, அவரைப் படுக்க வைத்தேன். படுத்துப் பார்த்தார். எழுந்து, தானே கம்பியை எடுத்து அந்த இரண்டு வரிசையை இடித்தார். கம்பி வலை போட்டு நாய்ப் பிரச்சினையையும் அவரே தீர்த்தார். தாழ்வாரத்துக்குப் பலகை அடித்த நாளில் நான் சைட்டை விட்டு நகரவே இல்லை. ஒரு விரல் ஏறினால் வெயில் வரும். ஒரு விரல் இறங்கினால் தீபம் போய்விடும்.

ஐப்பசியில் குடிபோனார்கள். முதல் முறை அவரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தபோது நான் அங்கே இல்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை. அது அவர்கள் இருவருக்குமான நேரம் என்று தோன்றியது. புண்கள் காய ஆரம்பித்திருப்பதாகப் பிறகு அந்த அம்மா போனில் சொன்னார். கூடவே, "இப்பல்லாம் நான் பேசினாக்கூடத் திரும்பறதில்லைங்க. மலையையே பாத்துக்கினு கெடக்கறாரு" என்று குறையும் சொன்னார்.

கார்த்திகை தீபத்தன்று என்னைக் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். அன்று ஊருக்குள் வண்டி எதுவும் விடமாட்டார்கள். கூட்டத்தில் நசுங்கி, நடந்தே போய்ச் சேர்ந்தேன். தெருவில் எல்லோரும் அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள். நேரம் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது.

நான் வீட்டுக்குள் போனேன். அந்த அம்மா தாழ்வான ஜன்னல் விளிம்பில் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு, தீப்பெட்டியோடு வாசலுக்குக் கிளம்பினார். தெருவில் நின்று உச்சியைப் பார்ப்பதுதான் பழக்கம்.

"எங்கமே போற?" என்றார் கணவர்.

"தீபம் பாக்கத்தான்."

"நீ வூட்லயே இரு. நான் சொல்றேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கணவர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னலில் மலை கருநீலமாக மாறிக்கொண்டிருந்தது. அதன் உச்சிக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் அந்த ஒரு விரல் வானம் வெளிறித் தெரிந்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். என் உயரத்துக்கு அங்கிருந்து ஒன்றுமே தெரியாது. அந்த ஜன்னல் படுத்திருப்பவருக்கு மட்டுமே.

"ஏத்திட்டாங்க!" என்று அவர் கத்தினார். "ஏத்திட்டாங்கமே, வெளக்கேத்து!"

அதற்கு ஒரு நொடி கழித்துத்தான் தெருவில் "அரோகரா" என்று எழுந்தது. தெருவை முந்திக்கொண்டுவிட்டார். அந்த அம்மா அவசரமாகக் கிழித்த முதல் குச்சி அணைந்துபோனது. இரண்டாவது குச்சியில் அகல் பிடித்தது. கணவர் தன் வலது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி நெற்றி வரை கொண்டுபோனார். இந்த முறை எதிரில் தகரம் இல்லை.

நான் குனிந்து, மண்டியிட்டு, அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். உச்சியில் தீபம் நின்று எரிந்தது. ஒரு விரல் இடத்துக்குள் அது முழுசாக அடங்கியிருந்தது.

அடுத்த பயிற்சி எப்போது வரும் என்று இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சார் இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், "இல்லீங்க, நான்தான். உக்காருங்க" என்கிறேன். அவர்கள் எத்தனை ரூம், எவ்வளவு பெரிய ஹால் என்று ஆரம்பிக்கும்போது, உங்கள் வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போகிறவர் யார், அவர் எங்கே உட்காருவார், எங்கே படுப்பார் என்று முதலில் கேட்கிறேன். அந்த இடத்தில் என் தலையைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் இன்றுவரை நான் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.